பிரபு பாக்கலாம்னு சொல்லிருக்காவ

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க அண்ணாச்சி. எனக்கு இந்த மாலை நசுங்காம இருந்தாப் போதும். அந்தப் பையக் கொஞ்சம் காலடில வச்சிக்கிட்டியன்னா நான் இத மடில வாட்டமா வச்சிக்கிடுவேன். ஆ, அவ்வளவுதான். சம்மங்கியும் ரோசாவும். ஜங்சன்ல நேத்தே சொல்லி வச்சிக் கெட்டுனது. ஆளு ஆறடிக்கு மேல ஒசரம், அதுக்குத் தக்கன நீளம் வேணும்லா?

யாருக்குன்னு கேக்கியளா? ஒரு பிரபுவுக்கு. நெசமான பிரபு, லண்டன்லருந்து வாறாவ. நாளைக்குக் காலைல எம் மவ செண்பகாவுக்குக் கல்யாணம். முன்ன நின்னு நடத்தி வைக்கப் போறது அவியதான். பேரு பெரெக்ரின், பட்டம் ஆஷ்கோம்ப் பிரபு. எம் பொண்டாட்டி உலகம்மா வாயில அதெல்லாம் நொழையாது, அவ பெரியகிரி ஐயாம்பா. பேனர்லயும் அப்படியேதான் அடிச்சிருக்கு, 'லண்டன் ஜமீன் பெரியகிரி பிரபு அவர்கள் முன்னிலையில்'னு. புளியடிக்குளம் விலக்குல, ஊருக்குப் பாதை பிரியுற எடத்துல எறங்குனா, எங்க வீட்டு வாசல்ல மொதல்ல அந்தப் பேனர்தான் கண்ணுல படும். எம் மவ படத்தவிட அவிய படம் பெருசு.

ரயில்ல வரலையான்னு கேக்காதிய. வரலைதான். நெல்லை எக்ஸ்பிரஸ் வந்து நின்னு, ஆளெல்லாம் எறங்கி, பெட்டியக் கழுவ ஆளு ஏறுற வரைக்கும் பிளாட்பாரத்துலயே நின்னேன். ஒரு வெள்ளக்காரரு எறங்குனாரு. ஓடிப் போயி மாலையப் போட்டுட்டேன். மூஞ்சியப் பாத்தா வேற ஆளு! யாரோ கோயில் பாக்க வந்த மனுசன். அவரு சந்தோஷமாக் கும்பிட்டுக்கிட்டு நிக்காரு, நான் கழுத்துலருந்து மாலைய உருவுதேன். போர்ட்டர்மாரு கெக்கெக்கேன்னு சிரிக்கானுவ. சரி, விடுங்க.

அதனால என்ன? வண்டி ஒண்ணுதானா இருக்கு? வந்துருவாவ. ஏன்னா நான் கூப்பிட்டப்ப 'பாக்கலாம்'னு சொல்லிருக்காவ.

ஏன் சிரிக்கிய?

எல்லாரும் இப்படித்தான் சிரிக்காவ. எங்க சம்மந்தி குற்றாலலிங்கம் சிரிக்காரு. "பாக்கலாம்னு சொன்னவன் எவன்வே வந்திருக்கான்"ங்காரு. மாப்பிள்ளையோட அப்பாவாச்சேன்னு பொறுத்துக்கிட்டு இருக்கேன். உலகம்மா இன்னும் ஒருபடி மேல. "பாக்கலாம்னா வரமாட்டோம்னு அர்த்தம். இத்தன வருசம் சீமைல இருந்து இதுகூடத் தெரியல, மாடு மாதிரி வளந்திருக்கிய"ங்கா. என்ட்டயே சொல்லுதா! அந்த ஊருல இங்கிலீஷையும் தமிழையும் மாத்தி மாத்திப் பேசி வேலை பாத்தவன் நான். பாக்கலாம்னா பாக்கலாம். செய்யலாம்னு அர்த்தம். மாட்டேன்னு சொல்லணும்னா மாட்டேன்னு சொல்லிருப்பாவல்லா?

நான் அங்க அவியளுக்குக் கார் ஓட்டுதேன். மொதல்ல வாடகைக் காருதான் ஓட்டிக்கிட்டிருந்தேன். ஒருநா மழைல குடையுமில்லாம ஒரு பெரியவரு ரோட்டுல நின்னாவ. ஏத்திக்கிட்டேன். எறங்கும்போது, நாளைக்கும் வர முடியுமான்னு கேட்டாவ. அந்த நாளைக்கு இன்னும் முடியல. எம் பேரு ஆவுடையப்பன். அது அவிய வாயில நொழையாது. முன்பாதிய விட்டுட்டு அப்பன், அப்பன்னு கூப்பிடுவாவ. என்னைவிட மூப்பு, தலையெல்லாம் பஞ்சு, அவிய என்னப் பாத்து "அப்பன், காரை எடுங்க"ம்பாவ. அர்த்தத்தச் சொன்னேன். சொன்ன பொறவும் மாத்தல.

வீடு எவ்வளவு பெருசுன்னு நெனைக்கிய? அதுல எத்தன ரூம்பு இருக்குன்னு அவியளுக்கே தெரியாது. நம்ம ஊரு மில்லு மாதிரி கெடக்கும். அதுல பொறந்து வளந்த மனுசன் சின்னப் பிள்ளைல அப்பாவப் பாக்கணும்னா சட்டை மாத்தி, தலை சீவி, வேலைக்காரம்மா கூட்டிக்கிட்டுப் போயி நிப்பாட்டணும். அவரு "படிக்கியா?"ன்னு கேப்பாராம். இவிய "ஆமா"ம்பாவளாம். திரும்பக் கூட்டிக்கிட்டு வந்துருவாவ. அம்புட்டுத்தான் அப்பா. ஏழு வயசுல தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டாவ. அந்தப் பள்ளிக்கூடத்துல எடம் இவிய பொறக்கு முன்னயே போட்டு வச்சது. கல்யாணம் ரெண்டு குடும்பத்து வக்கீலும் பேசி முடிச்சது. அந்தம்மா கொஞ்ச காலத்துல குதிரை வளக்கிற ஒருத்தரோட போயிட்டாவ. பாவம், குதிரைன்னா அந்தம்மாளுக்கு உசுரு.

அப்பா போன பொறவு பட்டம் இவியளுக்கு வந்துச்சி. பட்டத்தோட மேல்சபைல நாற்காலியும் வந்துச்சி. அங்க அப்படி ஒரு ஏற்பாடு அண்ணாச்சி. அப்பா இருந்தா மகன் இருக்கலாம், ஓட்டும் கெடையாது கீட்டும் கெடையாது. நம்ம ஊருல செய்யாமலா இருக்காவ, ஆனா எலெக்சன் வச்சிச் செய்யுதாவ. பொறவு ஒருநா சட்டம் போட்டு, கொஞ்சப் பேரத் தவிர மத்தவியளுக்கெல்லாம் கும்பிடு போட்டு அனுப்பிட்டாவ. அனுப்புன கூட்டத்துல நம்மாளும் ஒண்ணு.

வேற ஆளா இருந்தா கௌரவமா வீட்டுல இருந்திருப்பான். இவிய என்ன செஞ்சாவ தெரியுமா? கீழ்சபைக்கு நிக்கப் போறேன்னுட்டாவ. ஓட்டுக் கேட்டு! சொந்தக்காரவிய எல்லாம் தலைல அடிச்சிக்கிட்டாவ.

நான் கேட்டேன், எதுக்குய்யா இந்தப் பாடுன்னு. கார்ல பின்னால உக்காந்திருந்தாவ. அங்கருந்தே சொன்னாவ, "அப்பன், எனக்கு எல்லாம் தானா வந்தது. என்னை வேணும்னு சொல்லி யாரும் எதையும் கொடுத்ததில்ல. ஒரே ஒரு தடவை, நாலு பேரு என் பேரைச் சொல்லி இந்த ஆளு வேணும்னு சொல்லிக் கேட்கணும்"ன்னாவ. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. காரை ஓரமா நிப்பாட்டிட்டேன். பின்னால வந்தவன் பாம் பாம்னு ஹாரன் அடிக்கான். அடிச்சிட்டுப் போறான்.

எந்தக் கட்சின்னா கேக்கிய? கட்சி என்னத்துக்கு, விடுங்க.

பேட்டை தாண்டிட்டா? சரி.

அவிய நின்ன தொகுதில ஒரு தெரு முழுக்க நம்ம தமிழாளுக. யாழ்ப்பாணத்துக்காரவிய பாதி, கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம்மூர்க்காரவிய பாதி. கட்சிக்காரன் எவனும் அந்தத் தெருவுக்குள்ள போறதில்ல. நான்தான் சொன்னேன், "நான் கூட வாறேன்யா, மொழி நம்மகிட்ட இருக்கு"ன்னு. மத்த ஊருக்காரன் கதவத் தெறந்து "உனக்குக் கெடையாது"ன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுச் சாத்திருவான். நம்மாளுக அப்படியா? ஒரு வீட்டுல வாசலோட அனுப்புனாவங்கிய? உள்ள வாங்க, உக்காருங்க, ஏட்டி டீ போடு, முறுக்க எடு! பிரபு பதினாறு வீட்டுலயும் டீ குடிச்சாவ. வேண்டாம்னா மனசு சங்கடப்படுவாவன்னு கடைசி வீட்டுல வயித்தப் புடிச்சிக்கிட்டு ஒரு அதிரசத்தையும் தின்னாவ.

தின்னுட்டு, ஒவ்வொரு வீட்டுலயும் எந்திரிச்சி நின்னு ஓட்டுக் கேப்பாவ. நான் தமிழ்ல சொல்லுவேன். யாழ்ப்பாணத்துப் பெரியவரு ஒருத்தரு, கம்பளிச் சட்டையும் மப்ளருமா, இவிய கையைப் புடிச்சிக்கிட்டு, "பாப்பம், பாப்பம்"ன்னாரு. கும்பகோணத்துப் பையன் ஒருத்தன், "பாக்கலாம் சார், கண்டிப்பா பாக்கலாம்"ன்னான். கண்டிப்பாங்கான் அண்ணாச்சி! பிரபு என் முகத்தப் பாத்தாவ. என்ன சொல்லுதாவன்னு கேட்டாவ. "செய்யுதோம்னு சொல்லுதாவய்யா"ன்னேன். பின்ன, அதுக்கு வேற என்னத்தச் சொல்லணுங்கிய?

ரெண்டாவது தடவை போகும்போது அவியளே அந்த வார்த்தையப் படிச்சிக்கிட்டாவ. வீட்டுக்காரவிய "பாக்கலாம்"னதும், இவியளும் கையெடுத்துக் கும்பிட்டு, "பாக்கலாம்!"ம்பாவ. தெருவே சிரிச்சிது. பொம்பளையாளுக எல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாவ. எனக்கா, பெருமை தாங்கல. கார்ல திரும்பும்போது சின்னப் பிள்ளை மாதிரி சொல்லுதாவ, "அப்பன், ஒரு வீட்டுலகூட முடியாதுன்னு சொல்லலையே. என் வாழ்க்கையிலயே இப்படி ஒரு நாள் இருந்ததில்ல." பாட்டு வேற. ஏதோ அவிய பள்ளிக்கூடத்துப் பாட்டு, ராகம் கொஞ்சம் முன்னப்பின்ன.

தோத்துட்டாவ.

அந்த ஊருல எண்ணி முடிச்சதும் வேட்பாளர்கள எல்லாம் மேடைல வரிசையா நிப்பாட்டி, யாருக்கு எவ்வளவுன்னு சத்தமா வாசிப்பாவ. சும்மா வேடிக்கைக்குக் கோழி வேஷம் போட்டுக்கிட்டு ஒருத்தன் நின்னான். கொண்டை, அலகு, ரெக்கை எல்லாம் உண்டும். அவனுக்கு விழுந்ததுகூட நம்மாளுக்கு விழல. எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. பிரபு என்ன செஞ்சாவங்கிய? கோழிக்கிட்டப் போயி, அந்த ரெக்கையத் தேடிப் புடிச்சிக் கைகுடுத்து, "நல்லாப் போட்டி போட்டீங்க"ன்னாவ. அந்தக் கோழியே தலையக் குனிஞ்சிட்டு.

கார்ல ஏறுனதும் மொதல்ல என்ன கேட்டாவ தெரியுமா? "அப்பன், அந்தத் தெருவுல ஏதாச்சும் காய்ச்சல் பரவியிருக்கா? சொன்ன சொல்லு மாறுற ஆளுங்க இல்ல அவங்க. எல்லாரும் படுத்திருக்காங்க போல. நாளைக்கு நீங்க போயி விசாரிச்சுட்டு வாங்க. ஏதாச்சும் பழம் வாங்கிக்கிட்டுப் போங்க"ன்னாவ. நானும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டுப் போனேன். ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காவ. பழத்த வாங்கிக்கிட்டு, "அடடா, அன்னைக்கு ஒரு வேலை வந்துட்டு"ங்காவ. தெருவுக்கே ஒரே நாள்ல வேலை வருமா அண்ணாச்சி? நம்மாளுகளுக்கு ஒத்துமை கெடையாது, அம்புட்டுத்தான். அர்த்தம் மாறல, ஆளுதான் மாறிட்டான்.

பிரபுகிட்டப் போயி, ஆமாய்யா, லேசாக் காய்ச்சல்தான்னு சொல்லிட்டேன். "பாவம்"ன்னாவ. பொறவு அரசியல் பேச்சையே எடுக்கல. இப்ப அந்தப் பெரிய வீட்டுல ரெண்டே ரூம்புலதான் இருக்காவ. மத்ததெல்லாம் ஒழுகுது, வாளியா வச்சிக் கெடக்கு. யாரும் வாறதில்ல போறதில்ல. சாயங்காலம் என்னக் கூப்பிட்டுச் சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரச் சொல்லுவாவ. அந்தத் தமிழ்த் தெரு வழியாப் போனா மட்டும் கண்ணாடிய எறக்கி, வெளிய பாத்துக் கும்பிடுவாவ.

கண்டக்டர் தம்பி, புளியடிக்குளம் விலக்குல நிப்பாட்டணும் கேட்டியா? மறந்துராத.

செண்பகாவுக்குத் தேதி குறிச்சதும் உலகம்மா போன்ல சொல்லிட்டா, மொத அழைப்பு அவியளுக்குத்தான் வைக்கணும், வெறுங்கையோட போயி வைக்கக் கூடாதுன்னு. சரின்னு தட்டு, வெத்தலைபாக்கு, தேங்காய், வாழப்பழம், குங்குமம் எல்லாம் எடுத்துக்கிட்டு, வேட்டி கெட்டிக்கிட்டு, அந்தக் குளுருல, முன்வாசல் வழியாப் போயி நின்னேன். எப்பவும் பின்வாசல்தான் எனக்கு. அன்னைக்கு முன்வாசல். அவிய வந்து கதவத் தெறந்தாவ. தட்ட ரெண்டு கையால நீட்டி, "எம் மவளுக்குக் கல்யாணம். நீங்க வந்து முன்ன நின்னு நடத்தித் தரணும்யா"ன்னேன்.

தட்டையே பாக்காவ. "நிக்கணுமா?"ன்னு கேட்டாவ.

"ஆமாய்யா, நிக்கணும்."

"யாரை எதிர்த்து?"

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. "எதிர்த்து யாருமில்லய்யா. நீங்க ஒருத்தர்தான். எங்க ஊருல இதுக்கு அன்னபோஸ்ட்டும்பாவ, போட்டியில்லாம ஜெயிக்கிறது"ன்னேன்.

"என்னையா கேக்கிறீங்க? வேற பெரிய மனுசங்க இல்லையா?"

"ஒங்களத்தான்யா கேக்கேன். ஒங்க பேரச் சொல்லித்தான் கேக்கேன்."

அவிய தட்ட வாங்கிக்கிட்டாவ. நெஞ்சோட சேத்துப் புடிச்சிக்கிட்டு, கையெடுத்துக் கும்பிட முடியாம தலைய மட்டும் குனிஞ்சி, சுத்தமாத் தமிழ்ல சொன்னாவ. "பாக்கலாம்."

இப்பச் சொல்லுங்க. அது வாறேன்னு அர்த்தமா, வரலைன்னு அர்த்தமா?

நீங்களும் சிரிக்கிய பாத்தியளா? ஊருல எல்லாருக்கும் இளக்காரமாப் போச்சி. நேத்து எம் மச்சினன் எல்லாரு முன்னாலயும் சொல்லுதான், "அத்தான் பாக்கலாம்னா என்னன்னு எனக்குத் தெரியும்"ன்னு. அவன் மகன லண்டனுக்குக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லிக் கேட்டான், பாக்கலாம்னேன். ஏழெட்டு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அது வேற, இது வேற. அந்தப் பய டிரைவிங்கே ஒழுங்காப் படிக்கல.

சம்மந்தி ஒருபக்கம் பேனர அவுக்கச் சொல்லுதாரு. வராத ஆளுக்குப் படம் வச்சிருக்கியே, நாளைக்கு எங்க சொந்தக்காரன் கேட்டா நான் என்ன சொல்லங்காரு. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள வரலைன்னா அவரே ஏணி போட்டு ஏறுவேன்னுட்டாரு. நான் சொல்லிட்டேன், பேனர்ல கைய வச்சா மணவறைல நான் உக்கார மாட்டேன்னு. உலகம்மா அழுதுட்டா. நல்ல காரியத்துல ஏன் இப்படிப் பேசுதியன்னு. என்ன செய்ய? வாயில வந்துட்டு.

உள்ளதச் சொல்லுதேன் அண்ணாச்சி. பேனருக்காவ இல்ல. சம்மந்தி சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போறாரு. எனக்கு அவிய வரணும். அந்த மனுசன் தட்ட வாங்குனப்ப அந்த முகத்த நீங்க பாத்திருக்கணும். வரலைன்னா... வராம என்ன, வருவாவ. ஆனா அவிய கையில போன் கெடையாது, புடிக்காது. எங்க இருக்காவ, எதுல வாறாவ, யார்ட்டக் கேக்க? சென்னைக்கு வந்து நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறணும்னு நாலு தடவ சொல்லிட்டுத்தான் வந்தேன்.

வீரவநல்லூரா? அப்ப நெருங்கிட்டு.

நீங்க எங்க போறியன்னு நான் கேக்கவே இல்ல பாருங்க. அம்பைல ரெண்டு நாள் ஜோலியா? அப்ப நாளைக்குக் காலைல இங்கதான இருப்பிய. கல்யாணத்துக்கு வாங்க அண்ணாச்சி. பத்திரிகை கையில இல்ல, ஆனா மனசாரக் கூப்பிடுதேன். அவியல், சொதி, ரெண்டு பாயாசம். வருவியளா?

பாக்கலாமா! அப்படிச் சொல்லுங்க. சந்தோஷம்.

இருங்க, போன் அடிக்குது. இந்த மாலையக் கொஞ்சம் புடிச்சிக்கிடுங்க... ஏட்டி, சொல்லு. பஸ்லதான் இருக்கேன். ஆமா, ரயில்ல வரல. அதுக்கு இப்ப ஏன் கத்துத? மெல்லச் சொல்லு. சம்மந்தி ஏணி போட்டுட்டாரா?

என்னது?

என்னட்டி சொல்லுத? எப்ப? யாரு கூட? ... மீன் வண்டிலயா! ஏ எப்பா! செண்பகாகிட்டக் குடு, அவகிட்டக் குடு போன... எம்மா, என்னம்மா? ஆமா. ஆமா. திருவனந்தபுரத்துல வந்து எறங்கி, நாரோயில் வந்து, அங்க பஸ்ஸ விட்டுட்டு... சரி, சரி. உக்கார வையிம்மா. நம்ம பெரிய நாற்காலிய எடுத்துப் போடு. இளநி குடு. என்ன, உக்கார மாட்டேங்காவளா? ஏன்?

...

அப்படியா சொன்னாவ?

சரிம்மா. விடு. நிக்கட்டும். நான் வந்துட்டேன்.

வந்துட்டாவ அண்ணாச்சி. வந்து ஒரு மணி நேரமாச்சாம். கோட்டெல்லாம் மீன் வாடையாம். பேனருக்கு அடில, வாசலப் பாத்து, வெயில்ல நிக்காவளாம். ஊரே கூடிட்டாம், சம்மந்தி குடை புடிச்சிக்கிட்டு நிக்காராம். யாரு சொல்லியும் உக்கார மாட்டேங்காவளாம். "நிக்கிறதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டாங்க, அப்பன் சொல்லிருக்காரு"ங்காவளாம்.

ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி. ச்சே, என்னத்தத் தூசி, அழுதா அழுதுட்டுப் போறேன். இப்ப எவன் சொல்லட்டும் எனக்கு, பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு!

கண்டக்டர் தம்பி, விலக்கு வந்துட்டு, நிப்பாட்டு. விசிலக் குடு! அண்ணாச்சி, எந்திரிங்க. பையத் தூக்குங்க. மாலை ஒங்க கையிலயே இருக்கட்டும், பாத்து எறங்குங்க. அம்பை ஜோலி எங்க போயிருது, அப்பொறம் பாத்துக்கிடலாம். என்ன முழிக்கிய? நீங்கதான் பாக்கலாம்னு சொல்லிட்டியளே.